சுவர்ப் பக்கம் திருப்பிய முகம்

மாலை ஆறே முக்கால் மணி. ஆனி மாதம். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வருகிற ரோடு.

ஆறே முக்கால்தானே, அதற்குள் என்ன பேய் என்று நினைக்காதீர்கள். சீசன் காலத்தில் அந்த ரோட்டுக்கு ஆறே முக்காலும் ஒன்றுதான், நடுச்சாமமும் ஒன்றுதான். மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டால் எதிரே வருகிற மாடு முட்டின பிறகுதான் மாடு என்று தெரியும். இரண்டு பக்கமும் புளியமரம். சாரல் இலையில் விழுகிற சத்தம் ஒரு மாதிரி, மண்ணில் விழுகிற சத்தம் ஒரு மாதிரி. பின்னால் தூரத்தில் அருவி... விடாமல். ஆள் நடமாட்டம் கிடையாது.

அந்த ரோட்டில் ஒரு சைக்கிள் வருகிறது. முன்னால் கார்பைடு லைட்டு, உஸ்ஸென்று இரைந்துகொண்டு. ஓட்டி வருகிறவர் சுந்தரபாண்டி டாக்டர். என் சிநேகிதன் பேச்சிமுத்துவுக்குத் தாய்மாமா. குற்றாலத்தில் ஒரு காய்ச்சல்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஹாண்டில்பாரில் ஒரு பை. பையில் மகளுக்கு வாங்கின மங்குஸ்தான் பழம், ஒரு டஜன்.

மேலகரம் வர இன்னும் அரை மைல் இருக்கிறது. இடது உள்ளங்காலில் சுருக்கென்று ஒரு குத்து.

முள் என்று நினைத்தார். இறங்கினார். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்தார். ஷூவைக் கழற்றி உதறினார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். காலுறையையும் உருவிவிட்டு, லைட்டுக்கு நேரே காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சொன்ன வார்த்தை அவருக்கே முதுகில் கூசியது. ஏன் கூசியது என்று சொல்ல வேண்டுமானால் அங்கிருந்து மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். இசக்கிப்பாண்டி, கதை கேட்க வந்த நீ ஏன் கதவு ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறாய்? பயமாக இருந்தால் நடுவில் வந்து உட்கார், யாரும் சிரிக்கமாட்டோம். அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடு. யுத்தம் முடிகிறவரை மண்ணெண்ணெயைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

சுந்தரபாண்டி சாமானியப்பட்ட ஆள் இல்லை. மெட்ராஸில் எல்.எம்.பி. படித்துவிட்டு வந்து தென்காசியில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்தவர். நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒரே ஒரு கோளாறு. மனசு, ஆத்மா என்று எவனாவது வாயெடுத்தால் போதும், அவனைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் அவன் லேசில் வீடு போய்ச் சேர முடியாது.

"பதினேழு பொணம் அறுத்திருக்கேன் வே. ஈரல் இருந்துச்சு. மண்ணீரல் இருந்துச்சு. மூளையைக் கையில எடுத்துப் பாத்திருக்கேன், மூணு ராத்தல் இருக்கும். மனசுன்னு ஒண்ணு எங்கயும் தட்டுப்படல" என்பார்.

அவர் பெண்டாட்டி பெயர் குழல்வாய்மொழி. இலஞ்சிக்காரி. அதிகம் படிக்காதவள், ஆனால் கேள்வி கேட்பாள். கல்யாணமான வருஷம் சீசனுக்குக் குற்றாலம் போனார்கள். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, ஆள் இல்லாத ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மங்குஸ்தான் தின்றார்கள். அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தாள்.

"ஏங்க, இந்த இனிப்பு எனக்கு இருக்குத மாதிரிதான் உங்களுக்கும் இருக்குமா?"

"நாக்குல நரம்பு இருக்கு. அது மூளைக்குத் தந்தி அடிக்கும். உனக்கும் அதே நரம்பு, எனக்கும் அதே நரம்பு. அப்புறம் இனிப்பு மட்டும் எப்படிட்டீ வேறயா இருக்கும்?"

அவள் கறை பிடித்த விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

"நரம்பைத்தான சொல்லுதிய. இனிப்பைச் சொல்லலையே."

ஊரையே பேசி மடக்குகிற மனுஷனை அன்றைக்கு அவள் மடக்கிவிட்டாள். அடுத்த பழத்தை உரித்து அவளிடம் கொடுத்தார். அவள்மேல் உயிராக இருந்தவர்தான். அதில் சந்தேகமே வேண்டாம். அதனால்தான் இந்தக் கதை எனக்குச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

மகள் வள்ளி பிறந்து பத்து மாதம். சித்திரை வெயிலில் குழல்வாய்மொழிக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல். ஐந்து நாள் அனலாகக் கொதித்தது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது, ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. கை அசையவில்லை, கால் அசையவில்லை, பேச்சில்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. கண் திறந்தே இருந்தது. கண்மணி அசையாது. முகத்தை எந்தப் பக்கம் வைத்தார்களோ அந்தப் பக்கம்தான் பார்வை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டர் ஒரு குண்டூசியை ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அவளுடைய இடது உள்ளங்காலில் குத்தினார். கால் இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற அக்காவிடம் சொன்னார், "ஒண்ணும் இல்ல."

அக்கா முத்துவடிவு சுரண்டையிலிருந்து துணைக்கு வந்திருந்தவள். பேச்சிமுத்துவின் அம்மா.

அதை முதல் நாளாக வைத்துத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குத்து. தினமும், "ஒண்ணும் இல்ல." முதல் நாலைந்து நாள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. பிறகு வரவில்லை. ஒன்றையே தினமும் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கப் பயந்தார்கள். "நம்மளையே பாக்குத மாதிரில்லா இருக்கு" என்றார்கள். டாக்டர் விளக்கைக் கண்ணருகே கொண்டுபோனார். கண்மணி சுருங்கியது. பார்த்தீர்களா, உள்ளே ஆள் இருக்கிறாள் என்று கூட்டத்தில் ஒருத்தி அழுதாள். டாக்டர் அமைதியாக விளக்கினார்.

"செத்த தவளைக்குக்கூட கரண்டுக் கம்பியை வச்சாக் கால் உதறும். அதுக்கு நெனப்பா இருக்கு? ஆள் இல்லாத வீட்டுலயும் காத்தடிச்சா கதவு ஆடத்தான் செய்யும்."

ஆனாலும் அந்தக் கண்... அவராலும் அதைப் பார்க்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் அவளுடைய கன்னத்தில் கை வைத்து, முகத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். திரும்பி வராமல் இருக்க ஒரு தலையணையை அண்டக் கொடுத்தார். வருகிறவர்கள் பயப்படுகிறார்கள், அதனால்தான் என்றார். கஞ்சித் தண்ணீர் விடும்போது மட்டும் முகத்தை மேலே நிமிர்த்துவார்கள். அப்போது கூரை உத்தரம் தெரியும். விட்டு முடித்ததும் மறுபடி சுவர்.

குழந்தையின் தொட்டில் இந்தப் பக்கம் இருந்தது.

ஒரு மாதம் கழிந்தது. உயிர் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. முத்துவடிவும் தெருப் பெண்களும் கூடிப் பேசினார்கள். ஏதோ ஆசை பிடித்து நிறுத்துகிறது என்று முடிவு கட்டினார்கள். உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். இலஞ்சியில் அவளுக்குச் சீதனமாக வந்த வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து, தெளிவை இறுத்து ஒரு கரண்டி வாயில் விட்டார்கள். மண்ணாசைக்கு. போகவில்லை. அவளுக்குப் பிடித்த பட்டுச் சேலையின் முந்தானையை நனைத்துப் பிழிந்து இரண்டு சொட்டு விட்டார்கள். போகவில்லை. கருப்பட்டி, பனங்கிழங்கு, அவள் கேட்டு வாங்கித் தராமல் போன பண்டம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் கரைத்தார்கள். உள்ளே இருக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று வெளியே இருந்துகொண்டு ஆளாளுக்கு யூகம்.

டாக்டர் தடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

முப்பத்தாறாம் நாள் சாயங்காலம். முத்துவடிவு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தம்பியிடம் பேச்சை ஆரம்பித்தாள். குழந்தை இருக்கிறது, வீடு இருக்கிறது, கடையத்தில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல இடம் என்று. பாதியில் நிறுத்திவிட்டு, கட்டிலைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

டாக்டர் சொன்னார், "தைரியமாப் பேசுக்கா. காதுல விழாது. இது வெறும் கூடு." பிறகு, களைத்துப்போன குரலில், "மொதல்ல இது முடியட்டும்."

இது முடியட்டும். அவ்வளவுதான் சொன்னார். ஒரு மாதமாகத் தூங்காத மனுஷன் சொன்ன வார்த்தை. நானும் நீங்களும் அந்த இடத்தில் இருந்தால் அதைவிட மோசமாகச் சொல்லியிருப்போம்.

முப்பத்தொன்பதாம் நாள் வள்ளி நடந்தாள். தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அதை விட்டுவிட்டு, கால் கொலுசு சலக்... சலக்... என்று மூன்று எட்டு வைத்தாள். "ஏய், பிள்ள நடக்கா! பிள்ள நடக்கா!" என்று வீடே கூடிவிட்டது. கை தட்டினார்கள். டாக்டர் டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

குழல்வாய்மொழியின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நாற்பத்தொன்றாவது குத்தும் ஆயிற்று, ஒன்றும் இல்லை. முத்துவடிவு தாலியைக் கல்லில் உரசிப் பாலில் கலந்து ஒரு கரண்டி விட்டாள். பொன்னாசைக்கு. பத்து மணி வாக்கில் முருகம்மாள் வந்தாள். வீட்டு வேலை செய்கிறவள். சிக்கு விழுந்து கிடக்கிறதே என்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவ உட்கார்ந்தாள். வாகாக இருக்கட்டும் என்று தலையணையை எடுத்துவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள்.

எதிரே வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வள்ளி. நடந்தாள். சலக்... சலக்... கட்டில்வரை வந்தாள்.

அம்மாக்காரியின் கண் நிறைந்து மூக்கோரம் வழிந்தது. முருகம்மாள் சீப்பைப் போட்டுவிட்டுக் கூச்சல் போட்டாள். டாக்டர் வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பொன்னாசைதான் பாவம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூச்சுத் தசை தளர்ந்துவிட்டது, கண்ணீர் சுரப்பியின் வேலை என்று டாக்டர் சொன்னார். முருகம்மாள் மட்டும் கிணற்றடியில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள், "மொகத்தத் திருப்புனதும் போயிட்டா."

அது டாக்டர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் கடையத்துப் பெண்ணைப் பற்றிப் பேச விடவில்லை. உயிராவது மனசாவது என்று வாதாடுவது மட்டும் முன்னைவிடப் பத்து மடங்கு கூடிவிட்டது. சந்தையில், ரயிலில், தலைவலிக்கு மருந்து வாங்க வந்தவனிடம்கூட. ஊர்க்காரர்கள் அதைப் படித்த திமிர் என்றார்கள். திமிர் இல்லை அது. அந்த நாற்பத்தொரு நாளும் அவள் உள்ளே இல்லை என்று யாராவது ஒரு ஆள் அவரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்டு அலைந்தது அதைத்தான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள்.

ஷூவை மாட்டிக்கொண்டு டாக்டர் சைக்கிளில் ஏறினார். பத்து மிதி மிதித்திருப்பார். மறுபடியும் அதே இடத்தில் சுருக். நரம்பு இழுக்கிறது, ஈரத்தில் சைக்கிள் மிதித்தால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார். மூன்றாவது குத்து. நாலாவது. சாரல் காற்றில் ஒரு வாசம் வந்தது. சீவாத தலையின் எண்ணெய்ச் சிக்கு, கஞ்சித் தண்ணீர், ஸ்பிரிட். நோயாளி வீட்டு வாசம். பழைய வாசம் மூளையில் தங்கியிருக்கும், குளிரில் கிளம்பும் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார். அவரிடம் காரணத்துக்கா பஞ்சம்?

ஆனால் அவரை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. இடைவெளி எல்லாம் ஒரே அளவு.

முப்பதுக்கு மேலே போனதும் இறங்கிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாற்பது. கார்பைடு லைட்டு ஒரு முறை விம்மியது... அணைந்தது. நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு குத்தவில்லை. அருவிச் சத்தமும் இல்லை. சாரலும் இல்லை.

கண்ணுக்கு முன்னால் நாலு விரற்கடையில் ஒரு சுவர்.

ரோட்டின் நடுவில் ஏது சுவர்? கையை நீட்டித் தொட நினைத்தார். நினைப்பு இருந்தது, கை இல்லை. பக்கவாதம் என்று உடனே புரிந்துகொண்டார். மூளையில் இரத்தக்குழாய் அடைத்தால் இல்லாதது தெரியும் என்று படித்திருக்கிறார். படித்ததை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சுவர் மட்டும் போகவில்லை. வெள்ளையடித்த சுவர். ஓரிடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, குழந்தையின் பாதம் அளவுக்கு ஒரு திட்டு. அதன் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது. தன் வீட்டு உள்ளறைச் சுவர் என்று தெரிந்தது. ஆனால் அந்தத் திட்டை அவர் பார்த்ததே இல்லை. கட்டிலில் படுத்து, முகத்தைச் சுவரோடு வைத்தால்தான் அது தெரியும்.

முதுகுக்குப் பின்னால் பேச்சுக் குரல். ஒன்று அக்காவுடையது. கடையம், நல்ல இடம் என்று ஏதோ. இன்னொன்று ஒரு ஆண்பிள்ளைக் குரல். கரகரவென்று, அலுத்துப்போய். யாரடா இவன், இவ்வளவு இரக்கமில்லாமல் பேசுகிறான் என்று நினைத்தார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டவன் உண்டா? அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தைரியமாப் பேசுக்கா. காதுல விழாது."

விழுகிறது, விழுகிறது என்று கத்தினார். உள்ளேதான் கத்தினார். வாய்வரைக்கும் அது வந்து சேரவில்லை.

நாக்கில் மண் ருசி. இலஞ்சி வயல் மண். பிறகு சேலைச் சாயம். பிறகு கருப்பட்டி. ஒவ்வொன்றும் வாயோரத்தில் வழிந்து கழுத்தில் இறங்கிப் பிசுபிசுத்தது, துடைக்க யாரும் வரவில்லை. இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொரு கரண்டிக்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது. என்னதான் வேண்டும்? அது அவருக்கே அப்போது தெரியவில்லை.

சலக்.

பின்னால்.

சலக்... சலக்...

பிள்ளை நடக்கிறாள் என்று வீடே கத்துகிறது. கை தட்டுகிறார்கள். அந்த ஆண்குரல் சிரிக்கிறது. நாலு விரற்கடையில் சுவர், பெயர்ந்த திட்டு, எறும்பு. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்ன வேண்டும் என்று. முகத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். மண்ணும் வேண்டாம், பொன்னும் வேண்டாம். ஒரு சாண் திருப்பினால் போதும். உடம்பில் உள்ள நரம்பு முழுவதையும் தலைகீழாக ஒப்பிக்கிறவர் அவர். இந்தத் தவிப்பு எந்த நரம்பில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது மட்டும்தான் அங்கே இருந்தது. வேறு எதுவுமே இல்லை.

யாரோ வருகிறார்கள். காலடி நெருங்குகிறது. கன்னத்தில் ஒரு கை படுகிறது. அப்பாடா, திருப்பப் போகிறார்கள்...

ஸ்பிரிட் வாசம் அடிக்கிற கை. அது முகத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளி, தலையணையை நெருக்கி வைத்தது.

அந்தக் கை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாகத் தொட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

விடியற்காலையில் செங்கல் பாரம் ஏற்றி வந்த மாடக்கண்ணு, மாடு மிரண்டு நின்றதைப் பார்த்து இறங்கினான். புளியமரத்துக்கு முன்னால் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முகம் மரத்தைப் பார்த்தபடி, நாலு விரற்கடை விட்டு. கண் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. சைக்கிள் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது. பையில் பதினொரு மங்குஸ்தான். பன்னிரண்டாவது புல்லில் கிடந்தது. யாரோ உரித்துப் பாதி தின்ற மாதிரி. மங்குஸ்தான் கறை லேசில் போகாது, உங்களுக்குத் தெரியும். டாக்டருடைய இரண்டு கையையும் மாடக்கண்ணு திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறை இல்லை.

வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே உள்ளறை, அதே கட்டில், முகமும் அதே சுவர்ப் பக்கம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெரிய டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்தார். பையிலிருந்து ஊசியை எடுத்து இடது உள்ளங்காலில் குத்தினார். நல்ல மனுஷர், வருத்தத்தோடுதான் சொன்னார், "உள்ள ஒண்ணும் இல்ல. மூச்சு மட்டும் ஓடுது."

எட்டு நாள் கிடந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டது பேச்சிமுத்து. முத்துவடிவு மறுபடியும் மண்ணைக் கரைத்தாள், மோதிரத்தை உரசினாள். எட்டாம் நாள் சாயங்காலம் முருகம்மாள் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா மொகத்த இந்தப் பக்கம் திருப்பி வைங்கய்யா. பிள்ள வெளையாடிக்கிட்டு இருக்கா."

பேச்சிமுத்து மாமாவின் கன்னத்தில் கை வைத்துத் திருப்பினான். நாலு வயசு வள்ளி கொலுசு குலுங்க உள்ளே ஓடி வந்து, அப்பா முழித்துவிட்டார் என்று நினைத்துக் கட்டில்மேல் ஏறினாள். டாக்டரின் கண் நிறைந்தது. குழந்தையைப் பார்த்தபடியே போய்விட்டார்.

இவ்வளவுதான் கதை என்று பேச்சிமுத்து எனக்குச் சொன்னான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது.

ரோட்டில் விழுந்ததிலிருந்து டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியானால் அந்தச் சுவர், அந்த எறும்பு, கன்னத்தில் பட்ட கை... இதெல்லாம் யார் சொல்லித் தெரியும்? மங்குஸ்தான் தின்றுகொண்டே பேசினார்களே, அப்போது பாறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் இன்றைக்கு இல்லை.

போன ஐப்பசியில் சுரண்டைக்குப் போனபோது கேட்டே விட்டேன். பேச்சிமுத்து ஜவுளிக்கடையைச் சாத்திவிட்டு, துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒனக்கு யாருலே இதெல்லாம் சொன்னா?"

அவன் இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"குத்துதுலே. மாமா போன மறுநாள்லேருந்து. தெனமும் காலையில ஏழு மணிக்கு."

நான் விளக்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாள் முழுக்கப் பாயில் உட்கார்ந்து துணி கிழிக்கிறவன் கால். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லையேலே."

பேச்சிமுத்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. முகத்தைக் கடைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் குரல்தான், ஆனால் அவன் பேசுகிற மாதிரி இல்லை.

"காலைத்தான பாத்திய. வலியைப் பாக்கலையே."